மார்பகப் புற்றுநோயும் நிர்ப்பீடனமும்: இரண்டு ஊசிகள், ஒரு கசாயம், ஒரு கண்ணாடித் தகடு

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்த பிள்ளைகள் இம்யூனோதெரபி (நிர்ப்பீடன சிகிச்சை) ஊசி போட முடியுமா என்று கேட்கிறார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் முள்ளு அன்னமுன்னா இலைக் கசாயத்தையும் கருஞ்சீரகத்தையும் தேனையும் பரிந்துரைக்கிறார்கள். இரு தரப்பினரும் நம்புவது ஒன்றையே: உடம்பின் எதிர்ப்புச் சக்தியை, அதாவது நிர்ப்பீடனத்தை, கொண்டு நோயை அடக்கலாம். அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆயினும் எந்த வழி யாருக்குப் பயன்படும் என்பதைப் பயொப்ஸி அறிக்கையிலுள்ள மூன்று வரிகளே தீர்மானிக்கின்றன. ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி (இவ்விரு ஓமோன்களையும் பற்றும் கலப் புரதங்கள்), ஹெர்-2 (கலத்தை வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்பனவே அவை.

ஹெர்-2 வரியில் 3+ என்று இருந்தால், அல்லது 2+ என்று வந்து அடுத்த கட்ட மரபணுப் பரிசோதனையில் உறுதியானால், பேச வேண்டிய மருந்து ட்ராஸ்டுசுமாப் என்னும் ஊசி. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20% வரை இந்த வகையைச் சேர்ந்தவை. இதை எவரும் இம்யூனோதெரபி என்று விளம்பரப்படுத்துவதில்லை; ஆனால் இது ஒரு பிறபொருளெதிரி, அதாவது நோய்க்கிருமிகளைப் பற்ற உடம்பு ஆக்கும் வகையைச் சேர்ந்த புரதம். அதன் ஒரு முனை கட்டிக் கலத்தின் மேலுள்ள ஹெர்-2 புரதத்தில் ஒட்டி வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கிறது. மறுமுனையை நமது நிர்ப்பீடனத்தைச் சேர்ந்த இயற்கைக் கொல்லிக் கலங்கள் பற்றிக்கொண்டு அந்தக் கட்டிக் கலத்தையே அழிக்கின்றன. அம்முனையைப் பற்றும் ஏற்பி இல்லாத எலிகளில் மருந்தின் பலன் பெருமளவு குறைந்துவிட்டதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆரம்ப நிலை நோயில் கீமோவுடன் இதைச் சேர்த்தபோது, இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளை இணைத்துப் பார்த்த கணக்கின்படி, 10 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தோர் விகிதம் 75.2%இலிருந்து 84%ஆக உயர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மூன்று வரிகளும் எதிர்மறையாக வந்தால், அதாவது டிரிப்பிள் நெகட்டிவ் என்றால், பெம்ப்ரோலிசுமாப் என்னும் மற்ற ஊசிக்கு இடம் உண்டு. இது கட்டியை நேரடியாகத் தொடுவதில்லை. நிர்ப்பீடனப் படையான ரி கலங்களின் மேலுள்ள பிடி-1 என்னும் தடுப்புக் கட்டையைக் கட்டிக் கலங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்போது அக்கலங்கள் செயலிழந்து நிற்கின்றன. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இத்தகைய தடுப்புகளைக் கண்டறிந்ததற்காகவே ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம், மூன்றாம் நிலை டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளர் 1,174 பேரைக் கொண்ட கீநோட்-522 ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7% பேரும் இந்த ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களில் 86.6% பேரும் 5 ஆண்டு முடிவில் உயிரோடிருந்தார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அங்கே இருக்கிறது: சத்திரசிகிச்சைக்கு முன்பே கட்டி முழுமையாகக் கரைந்துவிட்டவர்களில், ஊசி பெற்றோரும் பெறாதோரும் ஏறத்தாழ ஒரே அளவில், 95% அளவில், உயிரோடிருந்தார்கள். ஆகவே கீமோ மட்டுமே கிடைக்கும் ஒரு பெண்ணிடம் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று பேசுவது மருத்துவ ரீதியாகவும் பிழை.

இவ்விரு மருந்துகளின் இலக்கங்களையும் அருகருகே வைத்து எது சிறந்த மருந்து என்று கேட்கக் கூடாது. நோயும் வேறு, பின்தொடர்ந்த காலமும் வேறு. ஒப்பிடத்தக்கவை சுமையும் தூரமும்தான். ட்ராஸ்டுசுமாப் இதயத்தின் பம்பும் வலுவைக் குறைக்கக்கூடும். எக்கோ பரிசோதனையைக் காலாகாலத்தில் செய்தால் அது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியவரும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சீராகும். ஓராண்டுக்குப் பதிலாக 6 மாதம் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று பெர்சஃபோன் ஆய்வு கண்டது. ஃபேர் ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே ஓராண்டே வழமை என்றாலும், மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் வேளையில் 6 மாதம் என்பது மருத்துவரோடு பேசத்தக்க ஒரு தெரிவு.

பெம்ப்ரோலிசுமாப்பின் பக்கவிளைவுகளோ எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாதவை. தைரொயிட், நுரையீரல், குடல், ஈரல், அதிரினல் சுரப்பி (உடம்புக்கு வேண்டிய ஸ்டீரொயிட்டைச் சுரப்பது) என்று விழித்தெழுந்த ரி கலங்கள் எதையும் தாக்கலாம். அந்த அதிரினல் பாதிப்பு நிரந்தரமாகவே நின்றுவிடுவதும் உண்டு. பெரிய வைத்தியசாலைக்குத் தொலைவில், படுவான்கரையிலோ வாகரையிலோ பொத்துவிலிலோ இருக்கும் பெண்ணுக்குக் கடும் சோர்வும் வாந்தியும் தலைச்சுற்றும் வந்தால், அது கீமோவின் பலவீனம் என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். ஸ்டீரொயிட் உடனே கிடைத்தால் காப்பாற்றக்கூடிய உயிர் அங்கேதான் ஆபத்தில் விழுகிறது. விலையும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. காணியை ஈடுவைத்து ஒன்றிரண்டு ஊசி போட்டுவிட்டு நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆய்வில் பலன் தந்தது சத்திரசிகிச்சைக்கு முன் 8 தடவை, பின் 9 தடவை என்ற ஏற்பாடுதான்.

கசாயத்தைப் பற்றி நீட்டிப் பேச அவசியமில்லை. ஆய்வுகூடத் தட்டிலும் எலியிலும் கிடைத்த முடிவுகளைத் தாண்டி, முள்ளு அன்னமுன்னா மார்பகப் புற்றுநோயாளரின் ஆயுளைக் கூட்டியதற்குச் சான்று இல்லை. அதிலுள்ள அனோனாசின் நரம்புக் கலங்களுக்கு நஞ்சு. தேநீரில் ஒரு கரண்டி தேன் விடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. கசாயத்துக்காகக் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடுவதைத்தான் தடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் குறைவாகப் பேசப்படுவதும் கண்ணாடித் தகடுதான். வழமையான சாயமேற்றிய பயொப்ஸித் தகட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கட்டிக் கலங்கள் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய கூட்டங்களாகவும், ரி கலங்களை உள்ளடக்கிய நிர்ப்பீடனக் கலங்களான நிணநீர்க் குழியங்கள் அவற்றின் இடைவெளிகளில் கடுகுமணி தூவினாற்போல் சிறிய கருநீலப் புள்ளிகளாகவும் தெரியும். அந்த இடைவெளியில் எத்தனை சதவீதத்தை அவை நிறைத்திருக்கின்றன என்பதை நோயியல் நிபுணர் கண்ணாலேயே மதிப்பிடலாம். புதிய கருவியோ வேறு சாயமோ தேவையில்லை. கீமோ பெறாத டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளர் 1,966 பேரைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வில், முதல் நிலை நோயாளரில் அந்த அளவு 50% அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 94% பேர் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் 5 ஆண்டுகளைக் கடந்தார்கள். 30%க்குக் குறைவாக இருந்தவர்களில் அது 78%. இதை வைத்து ஒருவர் தாமாகவே கீமோவைக் கைவிடக் கூடாது. ஆனால் அறிக்கை கைக்கு வந்ததும் நிணநீர்க் குழிய அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ கேட்பதற்குச் செலவில்லை.

அந்தக் கேள்வியும் எல்லோருக்கும் ஒரே பதிலைத் தராது. மிகப் பெரும்பான்மையான நோயாளர்களிடம் காணப்படும் ஓமோன் ஏற்பியுள்ள, ஹெர்-2 இல்லாத வகையில், கருநீலப் புள்ளிகள் நெருக்கமாக இருப்பது நல்ல அறிகுறி ஆகாது. 3,771 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில் அத்தகையோரின் ஆயுள் குறைவாகவே இருந்தது. இவ்வகைப் பெண்களுக்கு 5 ஆண்டோ அதற்கு மேலோ நாள் தவறாமல் விழுங்க வேண்டிய தமொக்சிஃபென் அல்லது லெட்ரசோல் குளிசையே இன்றைக்கு எந்த நிர்ப்பீடன ஊசியையும்விடப் பெரிய துணை.