நிலத்தொட்டிக்கு ரெசின் ஊசி: சில மாரிக்குப் பிறகு

அக்கரைப்பற்றில் இருக்கும் அத்தான் போன கிழமை எடுத்துக் கேட்டார்: "மச்சான், உன்ட தொட்டிக்கு ஊசி போட்டியே, நிக்குதா? எங்கடயும் கசியுது." "நிக்குது அத்தான், ஆனா..." என்று தொடங்கினேன். அந்த ஆனாவை முடிக்கவே நெடுநேரம் ஆகிவிட்டது. "போடவா வேணாமா, அதைச் சொல்லு" என்றுவிட்டு வைத்துவிட்டார். சரி, எழுதியே அனுப்பிவிடுவோம் என்று இருக்கிறேன். ஊசி என்பது, கொங்கிறீட்டில் துளை போட்டு, கசியும் வெடிப்புக்குள் ரெசின் என்ற பசையைப் பம்பால் தள்ளி அடைக்கிற வேலை.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், முழுக்க மணல் நிலம். குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைப் பிடித்து வைக்க முற்றத்தில் கொங்கிறீட் நிலத்தொட்டி கட்டியிருக்கிறோம். கோடையில் ஒழுகினால் நட்டம் தண்ணீர்க் கட்டணம் மட்டும்தான். மாரியில்தான் வில்லங்கம். மழை இரண்டு கிழமை அடித்தால் கிணற்றில் வாளியைக் கையாலேயே முக்கி எடுக்கலாம், அவ்வளவுக்கு நிலத்தண்ணீர் ஏறிவிடும். அப்போது தொட்டியின் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் வெளித் தண்ணீர் உள்ளே வரும். அந்த வெளித் தண்ணீர் பக்கத்து வளவு மலசலகூடக் குழிகளையும் தொட்டுக்கொண்டு மணலுக்குள்ளால் வருகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேநீரில் ஒரு மண் வாசம் வந்த நாளிலிருந்து மனைவி அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவில்லை.

கசிந்த இடம் அடித்தளமும் சுவரும் சேரும் மூட்டு. அடித்தளத்துக்கு ஒரு நாள் கொங்கிறீட் போட்டு, காய்ந்த பிறகு சுவருக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் தண்ணீர் தடுக்கும் பட்டி வைக்கவில்லை. மூட்டு நெடுக வெள்ளையாகச் சுண்ணாம்பு திரண்டு நின்றது. உள்ளே பூசி அடைக்கலாம் என்று மேசன்மார் சொல்வார்கள். ஒரு மீற்றர் உயரத்துக்கு நிலத்தண்ணீர் ஏறினால் அடியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு தொன் பாரம் வெளியிலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலுக்கு உள்பூச்சு அடைமழையில் நனைந்த சுவரொட்டி மாதிரிக் கழன்று வரும். எங்கள் தொட்டியில் ஏற்கெனவே ஒரு தரம் வந்தும் விட்டது.

ஊசி போட வந்த தம்பி கத்தாரில் இதே வேலை செய்துவிட்டு வந்தவர். வேலையைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. மூட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக, ஒரு சாண் இடைவெளியில் துளைத்துக்கொண்டு போனார். துளை உள்ளே போய் மூட்டை நடுவில் வெட்ட வேண்டுமாம், நேரே துளைத்தால் வெடிப்புக்குப் பக்கத்தால் போய்விடும். ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போட்ட இரும்பு நிப்பிளை, அதாவது பம்பை மாட்டுகிற வாயை, முறுக்கி இறுக்கினார். முதலில் வெறும் தண்ணீரைத் தள்ளித் தூளைக் கழுவினார். அப்புறம் ரெசின். தேன் நிறத்தில் இருந்தது. ஒரு கரையில் பம்பை மாட்டித் தள்ள, அடுத்த நிப்பிளுக்குக் கீழே மூட்டிலிருந்து முதலில் கலங்கல் தண்ணீர், பிறகு மஞ்சள் நுரை பொங்கி வந்தது. வந்ததும் அடுத்த நிப்பிள். தண்ணீர் பட்டால்தான் இந்த ரெசின் வேலை செய்யும், தண்ணீரோடு சேர்ந்து பொங்கி வெடிப்பை நிரப்பும். அதனால்தான் ஈரத்துக்கு எப்பொக்சியை எடுப்பதில்லை. எப்பொக்சி காய்ந்த வெடிப்பை ஒட்டிப் பலம் கொடுக்கிற சாமான். நான் குந்தி இருந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, மாரி முழுக்க வடிந்த மூட்டில் தண்ணீர் நின்றுபோனது. அந்த நேரம் அவர் கேட்டிருந்தால் வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும், தொட்டிக்குள் அந்த மணம் நல்லதல்ல. அவர் கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டுத்தான் இறங்கினார். மேலே ஒரு ஃபான் ஓடியது, மகனை மூடியடியை விட்டு அசைய விடவில்லை. தோலில் பட்ட ரெசின் காய்ந்தால் சவர்க்காரம் போட்டும் போகாது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற வகைதானா என்று தகர டின்னைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் விட்டேன். முதல் நிரப்பின் தண்ணீரை முழுக்கத் தென்னைக்கு இறைத்தோம்.

இனி அந்த ஆனா.

முதல் மாரி நன்றாகப் போனது. அடுத்த மாரியில் தொட்டியைக் கழுவ இறைத்தபோது பழைய மூட்டு ஈரம் கோர்த்திருந்தது. வடியவில்லை, வியர்த்தது. அதோடு புதிதாக இன்னோர் இடம்: பம்புக்குப் போகும் பிவிசி குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிற வாய். வழுவழுப்பான குழாயோடு கொங்கிறீட் என்றைக்கும் ஒட்டி நிற்பதில்லை. மூட்டு திறந்திருந்தவரை தண்ணீர் அந்த வழியே வந்தது, அதை அடைத்ததும் அடுத்த பலவீனத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இது ரெசினின் பிழையல்ல, அந்தத் தம்பியின் பிழையுமல்ல. தண்ணீரின் குணம் அது. இதற்காக நான் கோபப்படவில்லை.

கோபம் மூட்டைப் பற்றியது. திரும்பக் கூப்பிட்டதும் வந்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, நுரை தண்ணிய நிப்பாட்டத்தான். மறுகா அதுக்கு மேல பொங்காத ரெசின் ஒன்டு குடுக்கணும், அதுதான் நிரந்தரம்" என்றார். நுரையில் காற்றுக் குமிழ்கள் இருக்கும், நாள்பட அவற்றுக்கூடாக ஈரம் ஊறும். பொங்காத ரெசின் இறுக்கமாகச் செட்டாகி மிச்சத்தை அடைக்கும். எல்லாம் விளங்கியது. இதை முதல் தரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்ப தண்ணி நின்டுட்டுத்தானே" என்றார்! நின்றதுதான். அதற்கு மேல் என்ன பேச? இன்றைக்கும் தொட்டி மூடியைத் திறக்கிற போதெல்லாம் அந்தப் பதில் காதில் விழுகிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் கூலி வாங்கவில்லை, சாமான் காசு மட்டும்தான் எடுத்தார். மூட்டுக்குப் பொங்காத ரெசினும், குழாய் வாய்க்கு ஈரத்தில் ஊதிப் பருக்கிற ஜெல் வகையும் கொடுத்தார். அந்த ஜெல் காய்ந்தால் சுருங்கும் என்பதால் தொட்டியை நெடுநாள் வெறுமையாகப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாருங்கள், சொல்லத் தெரிந்த ஆள்தான். அதற்குப் பிறகு வந்த மாரிகளில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தண்ணீர் திரும்பச் சமையலுக்கு ஏறிவிட்டது. அடைத்த துளைகள் மட்டும் சுவரில் வரிசையாகச் சாம்பல் பொட்டாக நிற்கின்றன, அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆக அத்தான், வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. நீங்கள் போட வேண்டாம். மேலே ஒரு மேடை கட்டி 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை ஏற்றிவிட்டுப் படுத்து நித்திரை கொள்ளுங்கள். உங்கள் தொட்டியின் கம்பி துருவேறிக் கொங்கிறீட் உதிர்கிறது என்று அக்கா சொன்னா. கடற்கரைத் தொட்டியில் அந்த நிலை வந்தால் ஊசி வெடிப்பை அடைக்கும், துருவை நிப்பாட்டாது.

அதையும் மீறிப் போடத்தான் போகிறீர்கள், உங்களைத் தெரியாதா. தம்பியின் நம்பர் தருகிறேன். தை கழிந்து நிலத்தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு கூப்பிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் நிலம் ஊறிக் கிடக்கும்போது தொட்டியை முழுக்க இறைத்தால் வெறுந்தொட்டியை நிலத்தண்ணீர் மேலே கிளப்பிவிடும், குழாயெல்லாம் முறிந்துவிடும். ஆனால் மண் முற்றாகக் காயும் வரையும் பொறுக்க வேண்டாம், கசிவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் எங்கே துளைப்பது என்று தெரியும். வந்து இறங்கியதும் முதல் கேள்வியாக, நுரை மட்டுமா இரண்டாவது ரெசினும் சேர்த்தா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.