காத்தடிச்ச கிரீன்ஹவுஸ்: மூணு ரகத்துல எது கட்டுப்படியாகும்?

காத்தடிச்சு நிறுத்துற கிரீன்ஹவுஸ் போட்டா காய்கறிய பக்கத்துலயே சீப்பா விளைய வச்சிடலாம்னு நிறைய பேர் பேசுறாங்க, ஆனா அதுல மூணு ரகம் இருக்கு, மூணுக்கும் செலவு விழுற இடம் வேற வேற.

முதல் ரகத்துல கம்பியே கிடையாது, ப்ளோயர் ஓடிட்டே இருக்கும், உள்ள இருக்கிற காத்துதான் மொத்த கூரையையும் தூக்கிப் புடிக்குது. 250 பாஸ்கல் அழுத்தம்னா சதுர மீட்டருக்கு 25 கிலோ தூக்குற பலம், ஷீட்டுக்கு அது தாராளம். வில்லங்கமே வென்டிலேஷன்லதான். நல்ல வெயில்ல உள்காத்து கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒருவாட்டி மாறணும், பைப் ஃப்ரேம் மேல பிளாஸ்டிக் ஷீட் போட்ட சாதா பாலிஹவுஸ்னா சைடு ஷீட்ட சுருட்டி விட்டுட்டுப் போயிடலாம், இங்க சுருட்டுனா கூரை இறங்கிடும், அதனால பெரிய ஃபேன் போட்டு நாள் முழுக்க தள்ளணும், கரண்ட் பில் யார் கட்றது? கரண்ட் போனா ஜெனரேட்டர் வேற. தக்காளி, வெள்ளரிய கயித்துல ஏத்தி விட மேல பிடிமானம் இல்ல, அதுக்குத் தனியா கம்பி நடணும், அப்புறம் கம்பி செலவு மிச்சம்னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்! காத்து வெளிப்பக்கமா தள்ளிட்டே இருக்கிறதால பூச்சி வரத்து கம்மி, அது மட்டும் ப்ளஸ்.

துணில செஞ்ச தடிமனான டியூப்ல காத்தை அடைச்சு வளைவா நிறுத்துறது ரெண்டாவது. சீல் பண்ணிட்டா ப்ளோயர் ஓட வேணாம், சுருட்டி வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம். ஆனா அந்தத் துணி விலை ஜாஸ்தி, பகல் சூட்டுல அழுத்தம் ஏறி ராத்திரி இறங்கும், அப்பப்ப பார்த்துட்டே இருக்கணும். நாத்து விட ஓகே.

என் ஓட்டு மூணாவதுக்கு. சாதா பைப் ஃப்ரேம்தான், மேல ரெண்டு ஷீட், நடுவுல மட்டும் காத்து. 1964ல அமெரிக்காவோட ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல வில்லியம் ராபர்ட்ஸ் கொண்டு வந்தது. 50, 60 பாஸ்கல் போதும், குட்டி ப்ளோயர் தாங்கும், கரண்ட் போனா மேல் ஷீட் தொய்யும், காத்து பலமா அடிச்சா படபடத்துக் கிழியலாம், ஆனா கூரை செடி மேல விழாது. ஒத்த ஷீட்ட விட ஹீட்டர் செலவு 30, 40 சதவீதம் குறையும். ப்ளோயர் வெளிக்காத்தைத்தான் இழுக்கணும், உள்காத்தை இழுத்தா அதுல இருக்கிற ஈரமும் சேர்ந்து போயி ஷீட்டுக்கு நடுவுல தண்ணியா நிக்கும், வெளிச்சம் போச்சு. ஏற்கனவே ரெண்டாவது ஷீட்டால சுமார் 10 சதவீதம் வெளிச்சம் குறையுது. நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஷீட் மாத்துற செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

ஒண்ணு, இந்த மிச்சமெல்லாம் ஹீட்டர் போடுற குளிர் இடத்துக்குத்தான். வருஷம் பூரா வெயில் அடிக்கிற இடம்னா காத்தே அடிக்க வேணாம், ஒத்த ஷீட்டு போட்டு சைடுல பூச்சி வலை கட்டுனா முடிஞ்சுது.