டிஸ்கோடெக்கா, ஆரோவா? காரைக்குடி அலமாரியிலிருந்து ஓர் அலசல்

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தேக்கு அலமாரி இருக்கிறது. மேல்தட்டில் அப்பத்தாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குகள். கீழ்த்தட்டில் என் சினிமா டிஸ்க்குகள். இடப்பக்கம் அமெரிக்காவின் டிஸ்கோடெக் மீடியா, வலப்பக்கம் இங்கிலாந்தின் ஆரோ வீடியோ. பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத படங்களுக்கு உரிமம் வாங்கி வெளியிடுபவை இரண்டும். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், சேர்க்க நினைப்பவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் டிஸ்கோடெக் என்பேன்.

ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’ 1979இல் வந்தது. 2015இல் டிஸ்கோடெக் கொண்டுவந்த பதிப்பில் ஜப்பானிய ஒலியோடு, வெவ்வேறு காலத்தில் செய்த ஆங்கில டப்பிங்குகளும் இருக்கின்றன. சிறு வயதில் எந்தக் குரலில் கேட்டாரோ, அதே குரலில் ஒருவர் மறுபடி பார்க்கலாம். ஒரு படத்துக்கு இருந்த வடிவங்களையெல்லாம் தேடித் திரட்டும் இந்தப் பிடிவாதத்துக்காகவே நான் காசு கொடுக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பழைய அனிமே, ‘செல்’ எனும் கண்ணாடித்தாளில் தீட்டிய ஓவியங்களை ஃபிலிமில் படம்பிடித்துச் செய்தது. நெகட்டிவ் இருந்தால் புதிதாக ஸ்கேன் செய்து துல்லியமாக்கலாம். கணினியில் வண்ணம் தீட்டி, அன்றைய டிவி அளவிலேயே முடித்துவிட்ட 2000ஐ ஒட்டிய தொடர்கள் பலவற்றுக்கு அந்த வழி கிடையாது. அவற்றை டிஸ்கோடெக் அதே தரத்தில் ப்ளூரேயில் பதிக்கிறது. இரண்டடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி, இரண்டடுக்கு ப்ளூரேயில் 50 ஜிபி. ஏழெட்டு டிவிடிகளில் கிடந்த தொடர் ஓரிரு டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது. அலமாரியில் இடம் மிச்சம்.

ஆரோவின் பலம் வேறு. இத்தாலியத் திகில் படங்களும் யாகுசா எனும் ஜப்பானிய நிழலுலகக் கும்பல்களைப் பற்றிய படங்களும் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். உறையின் ஒருபுறம் புதிய ஓவியம். உருவித் திருப்பிப் போட்டால் பழைய போஸ்டர். பல பதிப்புகளில் கட்டுரைப் புத்தகமும் உண்டு. படம் பார்ப்பதற்கு முன்பே முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அதை முழுக்கப் படித்துவிடுவேன். அச்சில் டிஸ்கோடெக் இதற்கு ஈடாகாது.

வாங்குவதற்கு முன், எந்தப் பகுதியின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். ப்ளூரே கணக்கில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. இது தெரியாமல் நான் வாங்கிய முதல் டிஸ்க் மூன்று வாரம் காத்திருந்து வந்தது; பிளேயரில் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் தெரிந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மண்டலப் பூட்டில்லாத பிளேயர்தான் முதல் செலவு, டிஸ்க் பிறகு.

ஓர் ஏக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் 1940களில் ஏவி.எம். ஸ்டூடியோ இயங்கியது, 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு ஒரு டிஸ்க்கை மனதில் செய்துபார்க்கிறேன்: திருப்பிப் போட்டால் அந்நாள் போஸ்டர் தெரியும் உறை, ஸ்டூடியோவின் கதை சொல்லும் ஒரு புத்தகம், கிடைக்கும் பிரதிகளில் நல்லதைத் தேடி எடுத்த ஸ்கேன். அலமாரியில் அதற்கு நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டுவைத்திருக்கிறேன்.