ராமநகரம், மேல்கோட்டை, சோமநாதபுரம் ஒருநாள் டூர்: காலியான ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒன்பது பேர், 12 சீட் டெம்போ டிராவலர். டிராவல்ஸ்காரர்களிடம் பேசியது ஒரு நாளைக்கு: கிலோமீட்டருக்கு 21 ரூபாய், குறைந்தது 300 கி.மீ., டிரைவர் பேட்டா 500, டோலும் பார்க்கிங்கும் தனி. வீட்டிலிருந்து வீடு திரும்ப ஓடியது 358 கி.மீ. பேட்டாவோடு 8,018 ரூபாய் வரவேண்டும். பில் 13,600, அதுவும் டோல் சேர்க்காமல்.

காரணம் ட்ரிப் ஷீட், அதாவது ஓடிய கிலோமீட்டரையும் நேரத்தையும் எழுதும் தாள். இரவு 11.20க்கு வீட்டு வாசலில் இறங்கியதும், தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, டிரைவர் அந்தத் தாளை நீட்டினார். தொடக்க ரீடிங் எழுதியிருந்தது. முடிவு ரீடிங், முடிவு நேரம் இரண்டு கட்டமும் காலி. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அந்தக் கட்டங்களில் 418 கி.மீ., நள்ளிரவு 12.10 என்று இருந்தது. ஹொசகோட்டை பக்கம் இருக்கும் வண்டி ஷெட்டிலிருந்து வந்துபோன 60 கி.மீ.யும் நம் தலையில். 12 மணி தாண்டியதால் இரண்டு நாளாம். குறைந்தபட்சம் 600 கி.மீ., பேட்டாவும் இரண்டு. ஷெட் கணக்கு உண்டு என்று முன்பதிவின்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி வண்டி எடுப்பவர்கள், கிலோமீட்டர் எங்கிருந்து எதுவரை, நாள் என்றால் 24 மணி நேரமா அல்லது நள்ளிரவு வரையா, இந்த இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள். முடிவு ரீடிங்கை நீங்களே பேனாவால் எழுதிய பிறகே கையெழுத்து. டோலுக்கு டிரைவர் சொல்லும் தொகையைக் கொடுக்காமல் ஃபாஸ்டேக் பட்டியலைக் கேளுங்கள். எந்தச் சாவடி, எத்தனை மணி என்று அதில் இருக்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இல்லாத வண்டி வந்தால் ஏறாதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவதே பெரும்பாடு.

நேர அட்டவணையும் ஏமாற்றுதான். காலை 6 முதல் மாலை 6 வரை மூன்று இடம் என்றார்கள். இந்தத் தூரத்துக்கு ஓட்டமே எட்டு மணி நேரம் ஆகும். மேல்கோட்டையில் மதியம் நடை சாத்திவிடுவார்கள்; சோமநாதபுரத்தில் மாலை ஐந்தரைக்கு மேல் உள்ளே விடுவதில்லை. நாங்கள் போனது 5.45க்கு. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் டிரைவர் காட்டிய ஓட்டலில் ஒன்றரை மணி நேரம் போனது. நள்ளிரவுக் கணக்குக்கு அதுவும் உதவியது. ராமநகரத்தை ஒரு காலைப் பொழுதில் தனியாகப் பார்ப்பதும், மற்ற இரண்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்வதும்தான் நடக்கிற காரியம்.

இடங்களிலும் பணம் பிடுங்கினார்கள். ராமநகரத்தில் "ஷோலே கிராமம் காட்டுகிறேன்" என்று ஒரு கைடு 600 ரூபாய் வாங்கினார். 1975இல் வந்த அந்த இந்திப் படத்தின் ஊர் வெறும் செட், எப்போதோ பிரித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பாறைகள்தான். அங்குள்ள ராமதேவர பெட்டா மலை 2012 முதல் பாறு கழுகுகளின் சரணாலயம். வனத்துறை கவுண்டரில் டிக்கெட் வாங்கிப் படியில் ஏறினால் போதும். வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்பவர் பின்னால் போகவே போகாதீர்கள். கழுகுகள் கூடு கட்டும் பாறை அது, அபராதமும் நம் தலையில்தான் விழும்.

மேல்கோட்டை ராயகோபுரத்தில் "ஷூட்டிங் ஸ்பாட் ஃபீஸ்" கேட்டார்கள். கட்டி முடிக்காத அந்த உயரமான தூண்களைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. ராமானுஜர் வாழ்ந்த ஊரில் இப்படிக் கேட்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

சோமநாதபுரத்துக்கு "ஸ்பெஷல் அர்ச்சனை" என்று காலையிலேயே தலைக்கு 50 ரூபாய் வாங்கியிருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில் அது, தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே பூஜையே நடப்பதில்லை. தொல்லியல் துறை டிக்கெட் வாங்கும் இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. பேக்கேஜில் அவர்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் போட்டிருந்தார்கள்.

பணம் கட்டிவிட்டவர்களும் விடவேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் சரியாகாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் பேச்சு, மீட்டர் படம், வீட்டு வாசல் கேமராவில் இறங்கிய நேரம், இந்த நான்கையும் இணையுங்கள்.