ரப்பர் கதை படிக்கணுமா: ஜேக்சனா, மேனா, டல்லியா?

எங்க ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட். அம்மா பால்மரம் வெட்டுன காசுலதான் படிச்சேன், அதான் ரப்பர் மரத்தக் கீறிப் பால் எடுக்குற வேலை, ஆனா அந்த மரம் எங்கேருந்து வந்துச்சுன்னு நாப்பது வயசுக்கு மேலதான் தேடிப் படிக்கத் தோணுச்சு. அதுக்கும் காரணம் பக்கத்து ஊரு கோலகங்சார்ல நிக்கிற அந்தக் கெழட்டு ரப்பர் மரந்தான். 1877ல சிங்கப்பூர்ல எறங்குன 22 ரப்பர் கன்னுல ஒம்போது கோலகங்சாருக்கு வந்துச்சாம், அதுல மிஞ்சுனது இது. இப்ப அக்கா மவன் எந்த புக்கு வாங்கலாம் மாமான்னு கேக்குறான். நான் படிச்சது மூணு, மூணும் இங்கிலீஷு.

முதல்ல ஜோ ஜேக்சன் 2008ல எழுதுன ‘தி தீஃப் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’. ஹென்றி விக்கம்னு ஒரு வெள்ளக்காரன் 1876ல அமேசான்லேருந்து 70,000 ரப்பர் விதைய கப்பல்ல ஏத்தி லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கதை. ரப்பர் விதை எண்ணெய்ப் பசை உள்ளது, சீக்கிரம் கெட்டுப்போயிடும், அதான் அத்தனைலயும் மூவாயிரத்துக்கும் கொறைவாதான் மொளைச்சுது. படம் பாக்குற மாதிரி ஓடும், ராத்திரி கீழ வெக்க மனசு வராது. ஆனா பாதிக்கு மேல அந்த ஆளு ஊர் ஊரா போய் பயிர் வெச்சு நொடிச்சுப் போறதுதான், அவன் பொண்டாட்டி வயலட்டு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு கடைசில கெளம்பிடுறாங்க, எனக்கு அந்தம்மா மேலதான் மரியாதை வந்துச்சு. திருடன்னு தலைப்புல போட்டாச்சு, ஆனா அப்ப விதைய வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு பிரேசில்ல சட்டமே இல்ல, பிரேசில் காபியே வெளியேருந்து போனதுதானே.

சார்ல்ஸ் மேனோட ‘1493’ (2011) வேற ரகம். கொலம்பஸுக்கு அப்புறம் செடி, பூச்சி, நோய், மனுசன் எல்லாம் கண்டம் விட்டுக் கண்டம் போனத சொல்ற தடி புக்கு, ரப்பருக்கு ஒரு அத்தியாயந்தான். ஆனா அந்த ஒண்ணு போதும். அமேசான்ல ஏன் தோட்டம் போட முடியலன்னு எனக்குப் புரிஞ்சதே இங்கதான். அங்க இலைய அழிக்கிற ஒரு பூஞ்சை நோய் இருக்கு, காட்டுல மரம் தள்ளித்தள்ளி நிக்கிறதால பொழைக்குது, வரிசையா நெருக்கி நட்டா மொத்தமும் காலி. கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு அங்க ரப்பர் தோட்டம் போடக் கொட்டுன பணமும் அப்படித்தான் போச்சு. அந்த நோய் நம்ம பக்கம் வராததாலதான் நமக்கு வேலை, அது வந்தா என்ன ஆகும்னு அவரு சொல்றப்ப வயித்தக் கலக்குது.

ஆனா ரெண்டுலயும் பால் வெட்டுன கூலிங்களோட கை தெரியல. அதுக்கு ஜான் டல்லியோட ‘தி டெவில்ஸ் மில்க்’ (2011). காங்கோவுல ரப்பருக்காக ஜனங்கள வதைச்ச கொடுமை, அமெரிக்காவுல ஆக்ரன் ஊரு டயர் பேக்டரி, தோட்டக் கூலிங்க, நாஜிங்களோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கத்துல கைதிங்கள வெச்சு செயற்கை ரப்பர் பேக்டரி கட்டுனதுன்னு உழைச்சவன் பக்கம் நின்னு எழுதிருக்காரு, அவரே முன்ன கட்டுமான வேலை செஞ்ச ஆளு. படிக்கக் கஷ்டம், ஊர் தாவித் தாவி ஓடும், கோவம் வேற அதிகம். ஜேக்சன் மாதிரி ஒரே மூச்சுல முடியாது, எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

பையனுக்கு மேன் வாங்கச் சொன்னேன், அறிவியல் படிக்கிறவன், அந்த நோய் விசயம் அவன இழுக்கும். எனக்கு ஒண்ணுதான் வெச்சுக்கலாம்னா டல்லிதான்.

அம்மாவுக்கு டல்லியில கொஞ்சம் படிச்சுத் தமிழ்ல சொன்னேன். வெத்தலைய மடிச்சுக்கிட்டே கேட்டுட்டு, “விடியுறதுக்கு முன்ன பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடுறது) நின்னது, மழ வந்து மங்குல (பால் புடிக்கிற கிண்ணம்) பால் வழிஞ்சி போனா அன்னிக்குக் காசு போனது, அதெல்லாம் போட்டிருக்கானா”ன்னாங்க. இன்னும் அந்தப் பக்கம் வரலம்மான்னு சமாளிச்சேன்.