சின்னக் காரின் பேஸ் மாடல்: எதை விடலாம், எதை விடக்கூடாது

கையில் காசு அளவாக இருந்தால் பேஸ் மாடலே, அதாவது விலை குறைந்த அடிப்படை வேரியண்ட்டே போதும் என்பது பாதி உண்மை. மியூசிக் சிஸ்டம், சீட் கவர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் பிறகு வெளியில் மாட்டிக்கொள்ளலாம். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) ஆகியவற்றை அப்படி மாட்ட முடியாது. அவை இல்லாத வேரியண்ட்டைத் தொடவே வேண்டாம்.

3 சிலிண்டர் இன்ஜின் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கொஞ்சம் அதிரும், அது கோளாறல்ல. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச், கியரைத் தானே இயக்குவது) மலிவான ஆட்டோமேட்டிக்தான், ஆனால் உள்ளே இருப்பது சாதா கிளட்ச். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் அந்தக் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்து கருகும்.

டெலிவரி எடுக்கும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஒரு வருடம் பழசா? வண்டி யார்டில் தூங்கியிருக்கலாம், பேட்டரியும் சோர்ந்திருக்கும். பேட்டரியைச் சோதிக்கச் சொல்லி, கூடவே தள்ளுபடியும் கேளுங்கள்.