செட்டில்மெண்ட் என்று கட்டிய பணம் போச்சு, பாக்கி மட்டும் அப்படியே: பழைய கடன் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கிரெடிட் கார்டு பாக்கியோ, பாதியில் நின்ற பர்சனல் லோனோ இருப்பவருக்குத் திடீரென்று போன் வரும். "சார், மொத்தம் 1,20,000 நிக்குது. இன்னைக்கே 40,000 கட்டினா ஃபைலை மூடிடலாம். நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காது." கடன் கணக்கு எண், கடைசியாகத் தவணை கட்டிய மாதம் எல்லாம் பேசுபவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். நகையை வைத்தோ கைமாற்று வாங்கியோ அவர் அனுப்பும் யுபிஐ ஐடிக்குப் பணம் போகும். வாட்ஸ்அப்பில் "குளோஸ் ஆயிடுச்சு" என்று பதில் வரும். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அதே கணக்கு, அதே பாக்கி, கூடவே ஏறிய வட்டி. அந்த எண்ணுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

ஏமாந்த கதைகள் பலவற்றிலும் தவறு நடப்பது ஒரே இடத்தில். பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பதாகச் சொல்லும் செட்டில்மெண்ட் கடிதம் கைக்கு வருமுன் பணம் கையை விட்டுப் போய்விடுகிறது.

செட்டில்மெண்ட் கடிதம் கடன் கொடுத்த நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், அதன் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். கடன் கணக்கு எண், இன்றைய மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, பணம் செலுத்த வேண்டிய கணக்கு எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைக் கட்டிய பிறகு பாக்கி எதுவும் இல்லை என்ற வரியும் வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத கடிதத்தை நம்பிக் கட்டியவர்களிடம், மீதித் தொகையைக் கேட்டு வேறொரு ஏஜென்சி வந்து நிற்கும். கடிதம் வந்ததும் கிளையிலோ நிறுவனத்தின் வலைத்தளத்தில் உள்ள எண்ணிலோ கேட்டு உறுதி செய்யுங்கள். கடிதத்திலேயே அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அடித்தால் அதே ஆள்தான் எடுப்பார். வசூல் ஏஜென்சிகளின் பட்டியல் வங்கியின் வலைத்தளத்தில் இருக்கும். ஏஜென்ட்டிடம் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அவர் கடனுக்காக அழைக்கக் கூடாது. பணத்தை உங்கள் கடன் கணக்குக்கோ கார்டு எண்ணுக்கோ நேராகக் கட்டுங்கள். தனி ஆளின் யுபிஐ என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தவணையாகக் கட்டும் செட்டில்மெண்ட்டில் இன்னொரு வலை உண்டு. மூன்று தவணையில் இரண்டைக் கட்டி, மூன்றாவது ஒரு நாள் தள்ளிப்போனாலும் சலுகை ரத்து என்று பல கடிதங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கட்டிய பணம் வட்டியிலும் அபராதத்திலும் கழிந்துவிடும், அசல் அசையாது. கையில் முழுத்தொகை இல்லாவிட்டால் தேதியைத் தள்ளி வாங்குங்கள். கட்ட முடியாத தேதிக்குத் தலையாட்ட வேண்டாம்.

சரி, முறையாகவே கட்டியாகிவிட்டது. அப்போதும் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' ஆகாது, 'செட்டில்டு' என்று வரும். முழுப்பணமும் வரவில்லை, விட்டுக்கொடுத்தோம் என்பதே அதன் பொருள். அடுத்துக் கடன் கேட்கும் இடத்தில் அதை அப்படித்தான் படிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் சுற்றறிக்கைப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் செட்டில்மெண்ட் செய்த வாடிக்கையாளருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தர முடியாது. இதைப் போனில் சொல்லும் ஏஜென்ட் அபூர்வம். வசதி இருந்தால் அபராதத்தை மட்டும் தள்ளுபடி கேட்டு, மீதியை முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' என்று பதியச் சொல்வதே மேல். ஏற்கெனவே செட்டில் செய்தவர்கள், விட்ட தொகையைக் கட்டினால் நிலையை மாற்றுவீர்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். 'ரைட் ஆஃப்' என்று கண்டு கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என மகிழ்பவர்களும் உண்டு. அது நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு. கடன் அப்படியேதான் நிற்கும்.

பழைய கடனுக்குக் கையெழுத்து கேட்டால் கவனம். சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு. அதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். வரம்பு முடிந்த கடனாக இருந்தாலும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதை வைத்து வழக்குப் போட முடியும். உத்தரவாதத்துக்கு என்று வெற்றுக் காசோலை கேட்பார்கள், தரவே கூடாது. அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்காகிவிடும்.

அடுத்த கூட்டம், 'சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்பவர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கிரெடிட் ரிப்போர்ட்டும் ஸ்கோரும் தரும் நான்கு நிறுவனங்களில் எதுவும், கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பதிவையும் மாற்றாது. 'உள்ளே ஆள் இருக்கு' என்பது கதை. இவர்கள் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் கண்மூடித்தனமாகப் புகார் போடுவதுதான். உண்மையான பாக்கி என்றால் விசாரணை முடிந்ததும் பதிவு பழையபடி நிற்கும். கொடுத்த கட்டணம் போனது போனதுதான். அவர்களிடம் பான் நகல், ஆதார், ஓடிபி கொடுத்தவர்களுக்குப் பயம் அதோடு முடிவதில்லை. தங்கள் பெயரில் புதுக்கடன் ஏதும் முளைத்திருக்கிறதா என்று ரிப்போர்ட்டை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பதிவில் உண்மையிலேயே தவறு இருந்தால் திருத்தக் காசு வேண்டாம். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் சரியாகி மற்றொன்றில் நிற்பது வழக்கம். பணம் கட்டிய ரசீது, பரிவர்த்தனை எண், பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் நோ டியூஸ் சான்றிதழ் மூன்றையும் வைத்துக்கொண்டு கணக்கின் நிலை, நடப்பு நிலுவை, ரைட் ஆஃப் தொகை என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் கடன் கொடுத்தவரிடமும் ரிப்போர்ட் தரும் நிறுவனத்திடமும் ஒரே நாளில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். மொத்தமாக 30 நாளில் முடியாவிட்டால், 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் உள்ள விதிப்படி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்தப் பணம் வந்து சேர, புகார் கொடுக்கும்போதே வங்கிக் கணக்கு விவரத்தையோ யுபிஐ ஐடியையோ சேர்த்துவிடுங்கள். 30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் முறையிடலாம். வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கேயும் கட்டணம் கிடையாது.